தூண்களுக்கு நடுவே

கார்த்திகை, செவ்வாய் இரவு

நான் வரைபடம் போட்ட வாவிக்கரை நூலகத்தின் கீழ்த்தளத்தைச் சுவர் கட்டி அடைப்பதென்று இன்றைய கூட்டத்தில் முடிவாகிவிட்டது. மாரியில் வாவி பெருகினால் தண்ணீர் வந்து போகட்டும் என்றுதான் அங்கே வெறும் தூண்களை நிறுத்தி, புத்தகங்களை மாடியில் வைத்தேன்.

கேட்டது நூலகர் சாந்தியக்காதான். "கீழ சும்மாதானே கிடக்கு. புள்ளைகளுக்கு அடைச்சுத் தாங்க மிஸ்."

"தண்ணி வருமே அக்கா."

"வந்தா தூக்கி மேல வைப்பம். மத்த நாளெல்லாம் புள்ளைகள் எங்க இருந்து வாசிக்கிற?"

கூட்டம் முடிந்து இறங்கும்போது பார்த்தேன். படிக்கட்டில் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக இருந்தார்கள். எனக்கு வழிவிட, தலை நிமிராமலே முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள். வாசிக்கும் மண்டபத்தில் அவர்களுக்கென்று நான் ஒரு மூலையும் விடவில்லை. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

இப்போது மழை பிடித்துவிட்டது. இந்த முறை வாவி கரையேறி வந்து கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் காட்டட்டும் என்று கொஞ்ச நேரம் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

இதே வாவியோரம், நாவற்குடாவில் தங்கச்சியின் வீடு பள்ளத்தில்தான் இருக்கிறது.