இரண்டு வண்டிகளும் ஒரு வியாழக்கிழமையும்

8 ஜனவரி 2023, சென்னை

எங்கள் கார் பத்திரிகை ஆசிரியர் துரைராசு சார் மார்ச் இதழின் அட்டைக் கட்டுரையை எனக்குக் கொடுத்துவிட்டார். பந்தய ட்ராக்குக்கென்றே செய்த கார், தினமும் ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் – இரண்டில் எது? எங்கள் வாசகர்களில் வாங்கக்கூடியவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் எல்லோரும் படிப்பார்கள். நானும் அப்படிப் படித்து வந்தவன்தான்.

11 ஜனவரி

ஓட்டிப் பார்த்து எழுத ரோட்டு வண்டி வந்துவிட்டது. ஏ.சி., பின்சீட்டு, டிக்கியில் இரண்டு பெட்டிக்கு இடம். கிண்டி நெரிசலில்கூட முரண்டு பிடிக்கவில்லை. பொங்கலுக்கு இதிலேயே ஊருக்குப் போகலாம்.

15 ஜனவரி, ஊர்

திருக்காட்டுப்பள்ளி தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிப்பாகம் உரசியது. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து, "முட்டி நெஞ்சுல இடிக்குது தம்பி" என்று இறங்கிவிட்டாள். அப்பா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வயலில் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். புறவழிச்சாலை. பண்ணையாளாக இருந்த தாத்தாவுக்கு நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த ஆறு மா நிலத்தில் (இரண்டு ஏக்கர்) நாலு மா போகிறது. கதிர் பழுத்துக்கொண்டிருக்கிறது. அறுப்புக்கு இன்னும் பதினைந்து நாள்.

"அறுப்பு வரைக்கும் விடுங்கன்னு கேட்டோம். வாயால சரின்னாங்க, எழுதித் தரல. வியாழக்கிழமை மிஷினோட வர்றதாப் பேச்சு. நீ இருப்பா. ஆபீசருங்ககிட்ட ஒனக்குத்தான் பேச வரும்" என்றார் அப்பா.

இருக்கிறேன் என்றேன்.

17 ஜனவரி

ட்ராக் வண்டி வியாழக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்குமாம், கோயம்புத்தூரில். "நீ போறியா, வேற ஆள அனுப்பவா?" என்று சார் போனில் கேட்டார்.

ஏழு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான்.

வரமாட்டார்கள். வெறும் பேச்சாகத்தான் இருக்கும். வந்தால்?

19 ஜனவரி, வியாழன், கோயம்புத்தூர்

பின்சீட்டு இல்லை, ரேடியோ இல்லை, கதவில் கைப்பிடிக்குப் பதில் ஒரு துணிப்பட்டை. தரையின் சொரசொரப்பு முதுகெலும்பில் தெரிகிறது. டயர் சூடேறும்வரை இரண்டு சுற்று வழுக்கியது. பிறகு, திருப்ப வேண்டும் என்று நினைப்பதற்குள் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன். அப்போது மணி பத்தேகால்.

போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது விதி. எடுத்துப் பார்த்தபோது அம்மாவிடமிருந்து பதினோரு அழைப்பு. திருப்பி அழைத்தேன்.

"பத்து மணிக்கெல்லாம் வந்துட்டாங்க தம்பி. கதிரோட சேத்து மண்ணத் தள்ளிட்டாங்க. ஒங்கப்பா மிஷின் முன்னாடி படுத்தாரு. போலீஸ் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்களாம். சாயங்காலம் விடுவார்களாம்.

பத்தேகாலுக்கு நான் சிரிச்சிட்டு இருந்திருக்கேன்.

20 ஜனவரி, ஊர்

அப்பா திட்டவில்லை. முழங்கையில் கட்டு. நான் இருந்திருந்தால் மிஷின் நின்றிருக்குமா? நின்றிருக்காது. எனக்குத் தெரியும். அதனால் என்ன?

2 பிப்ரவரி, சென்னை

கட்டுரையை முடித்தேன். வைத்து வாழ ரோட்டு வண்டிதான், ட்ராக் வண்டி ஒரு நாள் சந்தோஷம் என்று எழுதினேன். "அந்த ட்ராக் பகுதிதான்யா உசிரு" என்றார் சார்.

12 ஆகஸ்ட்

பைக்கில் ஊருக்குப் போனேன். புறவழிச்சாலையில் ஜல்லி பரப்பியாகிவிட்டது. அப்பா அந்தச் சாலை போடும் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அம்மா சொல்லவேயில்லை. லாரிகள் திரும்பும் இடத்தில் ஆரஞ்சுச் சட்டையோடு நிற்கிறார். என்னை நிறுத்தச் சொல்லிச் சிவப்புக் கொடி காட்டினார். நான்தான் என்று தெரியும் அவருக்கு. லாரி போனதும் பச்சைக் கொடியை அசைத்தார்.

நான் போனேன்.