ஆறு குடத்து வண்டி

கம்பாலா,
வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு, ஷஹீனாவின் ஸலாம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே வசதி இல்லாத பெண்களுக்கு, வேண்டிய பொருளைத் தாங்களே வடிவமைத்துச் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன் அல்லவா? இந்த மாதம் தண்ணீர் வண்டி. வீரசோழனில் நாம் தள்ளும் வண்டியை நினைத்தே வரைந்து, குடம் உட்கார ஆறு வட்டம் வைத்து வெல்டிங்கும் முடித்தோம். தள்ளிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சதுரக் கேனோடு நின்றார்கள். இந்தக் குடியிருப்பில் யாரிடமும் குடம் இல்லை. கேன்களைத் தினமும் பார்க்கிறேன், ஆனாலும் கை வட்டத்தையே போட்டிருக்கிறது.

"இதுல புள்ளைகளத்தான் உக்கார வைக்கணும் டீச்சர்" என்றாள் ஜூலியட் என்ற பெண். எல்லாரும் சிரித்தோம். வட்டங்களை அறுத்தாயிற்று. வேறொன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

"லாரி வந்துருச்சு, வண்டிய எடு புள்ள" என்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

நம் வண்டியின் கைப்பிடி உயரத்தை அளந்து சொல்லுங்கள். அது கிறீச்சிடுவதையும் போனில் பதிந்து அனுப்புங்கள், வகுப்புக்கு வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி எழுதுகிறேன், இதோ பஸ் வந்துவிட்டது. அத்தா சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுவிடப் போகிறார்கள், அதற்குள் பதிந்துவிடுங்கள்.

ஷஹீனா