ஒயர் இல்லாத ஜாய்ஸ்டிக்

அக்கா,

ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டை இன்று காலி செய்கிறோம். அப்பா ஃபாக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். பரணிலிருந்து இறக்கிய செருப்புப் பெட்டியில் நம் பழைய வீடியோ கேம் ஜாய்ஸ்டிக் இரண்டும் ஒயர் சுற்றிக் கிடந்தன. விட்டுப்போன ஒயரில் நாம் சுற்றிய இன்சுலேஷன் டேப்பின் பசை வாடை அப்படியே இருக்கிறது. “பாத்திரம்லாம் கட்டணும், அங்க இன்னாடா பண்றே?” என்று அம்மா கூப்பிடுகிறாள். எழுந்திருக்க முடியவில்லை. நீ போய் ஏழு மாதமாகிறது.

அந்த ஒயர்கள் எவ்வளவு குட்டை! டிவிக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். சண்டை ஆட்டத்தின் நடுவில் ஒயர் விட்டுப்போய் திரையில் உன் ஆள் மரம் மாதிரி நிற்பான். அதற்கு நீயே ஒரு சட்டம் போட்டாய். ஒருத்தர் ஆள் நின்றால் மற்றவர் கையை எடுத்துவிட வேண்டும். ஒயரை ஆட்டிச் சரிசெய்த பிறகுதான் அடி. “நிக்கிறவன அடிக்கிறது ஆட்டமில்லடா, ரௌடித்தனம்” என்பாய். பெரிய நியாயஸ்தி! தோற்கப் போகும்போது மட்டும் உன் ஒயர் தவறாமல் விட்டுப்போகும்.

வேலைக்குப் போனதும் ஒயர் இல்லாத புது செட் வாங்கி, திருமுல்லைவாயிலில் நீயும் மாமாவும் இருந்த வீட்டிலேயே கொண்டுவந்து வைத்தேன். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் நீ கட்டிலில் சாய்ந்துகொள்வாய், நான் கதவோரம் நாற்காலி போட்டுக்கொள்வேன். “சோப்பு டப்பாவப் புடிச்சிகினு உக்காந்த மாதிரி கீது. ஒயர் இருந்தா பக்கத்துலயாவது உக்காருவே” என்று கிண்டலடித்தாய். “நீ அந்தக் காலத்துலயே இரு” என்றேன்.

ஒரு ஞாயிறு உன் ஆள் சும்மா நின்றான்.

“சார்ஜ் போட்டியா இல்லியா?”

“மறந்துட்டேன்டா. நீ அடி.”

அடுத்த வாரமும் அதே பதில். எனக்கு எரிச்சல். ஆட்டிப் பார்க்க ஒயரும் இல்லை. நாலு எட்டு எடுத்து வைத்து உன் பக்கம் வந்திருக்கலாம், வரவில்லை. மூன்று ரவுண்டும் அடித்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதற்கடுத்த வாரம் “போரடிக்குதுடா, இனிமே வேணாம்” என்றாய். கோபத்தில் ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி வந்தபோது உன்னால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு மாமா சொன்னார்: “சார்ஜெல்லாம் ஃபுல்லாதான் இருந்துச்சுப்பா. ஞாயித்துக்கிழமை காலையிலயே போட்டு வெச்சுடுவா. வெரலுதான் அவ பேச்சக் கேக்கல. நரம்பு நோய்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. தம்பிகிட்ட சொல்லாதீங்க, தெரிஞ்சா விட்டுக்குடுத்து ஆடுவான்னு சொன்னா.”

விட்டுக்கொடுத்திருப்பேன்தான் அக்கா. அதிலென்ன தப்பு? செத்துப்போகிற வரைக்கும் உனக்கு அந்த வீம்பு. எனக்கு உன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அசைய முடியாமல் நின்ற உன்னை அடித்து, கைதட்டியவன் நான்தானே. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது யாரோடு ஆடினாலும் என் கண் திரையில் நிற்பதில்லை. எதிரே இருப்பவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எல்லோரிடமும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.