'டிடாச்' என்றால் என்ன?

மார்ச் 3

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நலம். நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? நீ எழுதி நாலு மாதமாகிறது. அகராதி வேலை என்றால் தலை நிமிர நேரமிருக்காது, தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது, இடது கண் ஓரத்தில் கறுப்புத் திரை இறங்கியதுபோல் ஆகிவிட்டது. கம்பெனி டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார். முழுக்க இங்கிலீஷ். ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. அது 'டிடாச்' என்றார் சூப்பர்வைசர். மற்ற கிறுக்கல் அவருக்கும் புரியவில்லை. "டிடாச்னா கழட்டுறதும்மா" என்கிறார். கண்ணைக் கழற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நீ அர்த்தம் எழுது. தெரிந்துகொண்டு போகிறேன்.

உன் அம்மா


மார்ச் 16

அன்புள்ள அம்மா,

அருமையான சொல். பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்குள்ளே முளைக்கம்பு என்று பொருள்படும் பழஞ்சொல் ஒன்று இருக்கிறது. முளையில் கட்டுவது 'அட்டாச்', அவிழ்ப்பது 'டிடாச்'. படையில் ஒரு பிரிவைத் தனியே அனுப்புவதற்கும் இதுதான், விண்ணப்பத்தின் அடிச்சீட்டைக் கிழிப்பதற்கும் இதுதான். எதிலும் ஒட்டாமல் நின்று யோசிப்பவனை 'டிடாச்டு' என்றால் அது பாராட்டு. 'கழட்டு' கொச்சை, சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

மருத்துவத்தில் இச்சொல் எப்படி வழங்குகிறது என்பதற்கு எங்கள் அகராதியில் கையெழுத்துச் சான்று இல்லை. அந்தச் சீட்டை அனுப்பிவையுங்கள். நகல் உதவாது.

அன்புடன்,
மகன்


மார்ச் 21

அன்புள்ள மகனுக்கு,

இத்தனை பெரிய கடிதம் நீ எனக்கு எழுதியதே இல்லை. பக்கத்து மெஷின்காரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். முளை, கட்டு எல்லாம் புரிந்தது. என் கண்ணுக்கு என்ன என்றுதான் புரியவில்லை. திரை பாதிக் கண்ணுக்கு வந்துவிட்டது.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால்தான் அங்கே உடனே பார்ப்பார்களாம். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு, ராஜா.

உன் அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள அம்மா,

சீட்டு கிடைத்தது. விழித்திரை 'டிடாச்' ஆகிறது என்று எழுதியிருக்கிறார். யாரும் பிரிக்காமல் தானே பிரிவது! அகராதிக் குழுவில் காட்டினேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி. 'அவசரம், இன்றே அறுவை செய்யவும்' என்ற வரியில் ஓர் எழுத்துப்பிழை. சிவப்பு மையால் திருத்தினேன். சான்று அட்டையில் ஒட்டிவிட்டதால் இனி எடுக்க வராது. வேறு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மகன்


மே 12

மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல மெஷின்காரி எழுதுகிறாள். பழைய டாக்டர் வேலை மாறிப் போய்விட்டார். புதியவர் சீட்டுத் தரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பொது வரிசையில் போட்டார்கள். என் முறை வந்தபோது இடது கண் போய்விட்டிருந்தது. கம்பெனியிலும் நிறுத்திவிட்டார்கள்.

நடந்ததைச் சொன்னதும் பெரிய டாக்டருக்குக் கோபம். "மார்ச்லயே சீட்டு குடுத்திருக்காங்க. அதைப் படிச்சுச் சொல்ல வீட்டுல ஒருத்தரும் இல்லையா? பிள்ளைங்க?"

"எனக்குப் பிள்ளைங்க இல்லைங்க" என்றேன்.

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள். கூட வந்த மெஷின்காரி என் கையை அழுத்தினாள். நான் மாற்றிச் சொல்லவில்லை.