ஜெயிக்காத ஒரு நகர்த்தல்

கோட்டை, திருவனந்தபுரம்
கொல்லம் 1114, துலாம் 12

பிரியமுள்ள ராகேலுக்குச் சூடாமணி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு ஜுரம் விட்டதா? வித்துராவிலும் மழை இப்படித்தான் கொட்டுகிறதா? நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிறகு மத்தியானத்தில் என்னோடு சதுரங்கம் ஆட ஆளில்லை.

அம்மா தூங்கிய பிறகு சமையலறையில் விளக்குத் திரியை இறக்கிவைத்துக்கொண்டு எழுதுகிறேன். எலி ஓடினாலும் தாளை மடியில் மறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

போன வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்லிடைக்குறிச்சிக்காரர்கள். பையன் எப்படி என்று கேட்காதே. அவர் கல்கத்தாவில் இருக்கிறார். அவருடைய அப்பா நாறும்பூநாதய்யரும் மாமியும் மட்டும் வந்தார்கள். நிச்சயமானால் தையோடு பள்ளிக்கூடம் நிறுத்தம் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார். தை போய் இரண்டே மாசத்தில், மீனத்தில் பரீட்சை இருக்கிறதே என்றேன். எழுதி யாருக்கு என்ன ஆகணும் என்றார்.

பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆன பிறகும் மழை விடவில்லை. பொழுது போக அப்பா பலகையை எடுத்தார். இரண்டு ஆட்டம் தோற்றார். “இந்தாத்துல வேற யாரும் ஆடமாட்டாளோ?” என்று அந்த மாமா சிரித்தார். என் தங்கை அனந்தம் சும்மா இருக்கக் கூடாதா? “அக்கா ஆடுவாளே. ராகேலோட தெனம் ஆடினவளாக்கும்” என்று சொல்லிவிட்டாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். மாமா மட்டும், “வாடி கொழந்தே, உக்காரு” என்றார்.

இனி ஆட்டத்தைக் கேள். தலை நிமிரவே கூடாது என்று அம்மா காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள் அல்லவா? குனிந்தபடியே ஆடினேன். எனக்குத் தெரிந்தது பலகையில் என் பக்கத்துப் பாதிதான். எதிர் மூலையில் இருந்த அவருடைய ஆனை மூலைவாட்டில் பாய்ந்து என் தேரைத் தின்ற பிறகுதான் அங்கே ஓர் ஆனை இருந்ததே எனக்குத் தெரியும். அதைவிட மோசம், அவருடைய மந்திரி காவலில்லாமல் என் குதிரைக்கு எட்டும் கட்டத்திலேயே இரண்டு தடவை நின்றதாம். அனந்தம் அப்புறம் சொன்னாள். நான் பார்த்ததெல்லாம் பாயின் ஓரமும் மாமாவின் கால் கட்டைவிரலும்தான்.

தேர் போன கோபத்தில் நிமிர்ந்துவிட்டேன். அடேயப்பா, என்ன பெரிய பலகை. அதன் பிறகு நன்றாக ஆடினேன், ராகேல். அவர் ராஜாவைச் சுற்றி வளைத்தேன். அடுத்த நகர்த்தலில் அடியறவு, ஆட்டம் எனக்கு என்று நினைத்தபோது, அந்த ராஜா குதிரை மாதிரித் தாவி வெளியே போய்விட்டது. எங்கள் வீட்டு ஆட்டத்தில், அதுவரை யாரும் ‘அரசு’ சொல்லி மிரட்டாத ராஜா ஒரே ஒரு முறை அப்படித் தாவலாம். உன் மிஷன் டாக்டரம்மா கற்றுத்தந்த ஆட்டத்தில் அது கிடையாது; உன்னோடு ஆடி ஆடி மறந்தே போயிற்று. முன்னாலேயே சும்மா ஒரு ‘அரசு’ சொல்லியிருந்தால் அந்தத் தாவல் செத்திருக்கும். என் தப்பில் பாதி உன்னுடையது.

இப்போதுள்ள நிலையைச் சொல்கிறேன். அந்த ராஜா திரும்பத் தன் கடைசி வரிசைக்கே போய்க் காலாட்களுக்குப் பின்னால் அடைபட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் என் தேர் இடது ஓரத்தில், வழியில் ஒரு தடையும் இல்லாமல் நிற்கிறது. நேரே மேலே ஏற்றினால் ஆட்டம் முடிந்தது. நகர்த்த வேண்டியது நான்.

நான் கையை நீட்டும் முன் மாமா அந்தத் தேரையே வெகுநேரம் பார்த்தார். எந்த க்ளாஸ் என்று கேட்டார். சிக்ஸ்த் ஃபார்ம் என்றேன். பரீட்சை எப்போது என்றார். மீனத்தில் என்றேன். உடனே கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, தம்பானூர் போகணும், ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். ரயிலுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மழையும் விடவில்லை.

“பலகையை இப்படியே வையுங்கோ. ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். ஆட்டம் முடிஞ்சப்பறம் மத்ததைப் பேசலாம். அதுவரைக்கும் கொழந்தை பள்ளிக்கூடம் போகட்டும், கேட்டேளா?” என்று அப்பாவிடம் சொன்னார். “பொண்ணு பாக்க வந்தேளா, சூதாட வந்தேளா?” என்று மாமி குடைக்குள்ளிருந்து கேட்டது தெருமுனை வரை கேட்டது.

பலகை கூடத்தில் துணி மூடி இருக்கிறது. அப்பா தினமும் துணியை விலக்கி, “என்னடி ஆடப் போறே?” என்கிறார். என்றைக்காவது அந்தத் தேரைக் கவனித்துவிடுவாரோ என்று எனக்கு நடுக்கம். அதனால், ராகேல், பார்ப்பதற்கு நியாயமாய், ஜெயிக்காமலும் தோற்காமலும் இருக்கும் ஒரு நகர்த்தலைக் கண்டுபிடித்து எழுது. நிலையைத் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். பதிலை லீலாபாய் டீச்சர் பெயருக்குப் போடு.

மாமா தன் பதில் கார்டில் அந்த வழியை அடைக்கிறாரா, இல்லை அவரும் எங்கோ ஒரு காலாளைச் சும்மா நகர்த்துகிறாரா என்று பார்க்க வேண்டும். சும்மா நகர்த்தினால், அந்தத் தேரைப் பார்த்துவிட்டுத்தான் அன்று எழுந்தார் என்று எனக்குப் புரிந்துவிடும். பரீட்சை முடிந்த மறுநாள் தேரை ஏற்றுகிறேன். அப்போது மாமாவின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கும் ஆசைதான்.

உன் அம்மாவுக்குச் சீக்கிரம் உடம்பு தேறட்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்காகவும் வேண்டிக்கொள். மீனம் வரைக்கும் நான் ஜெயிக்கவே கூடாது.

உன்னை மறவாத
சூடாமணி