முப்பதாவது சத்தம்

மச்சான்,

இன்று காலை உன் பையின் ஸிப்பைத் திறந்தேன். பெற்றோலும் உப்பும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. ஒரு வருடமாக என் அலுமாரிக்குள் கிடந்தும் அது போகவில்லை. கிற்றாரின் சத்தத்தை விதம்விதமாக மாற்றுகிற மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியைப் படகு என்ஜினின் பிளக்குகளோடும் ஸ்பானர்களோடும் ஒரே பையில் போட்டுத் திரிந்தவன் இந்தக் கரையிலேயே நீ ஒருவன்தான். அதற்காக உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன். இன்றைக்கு அந்த மணமும் போய்விடுமோ என்று பயந்து பையை மறுபடி மூடினேன். பிறகு வேறு வழியில்லாமல் திறந்தேன்.

ஆடித் திருவிழா வருகிறது. நம் இசைக்குழுவுக்குச் சிலாபத்திலிருந்து ஒரு கிற்றார்காரர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், வாசிப்பும் சுத்தம். பெட்டியில் சத்தங்களைச் சேமித்து வைக்க இருக்கிற முப்பது இடத்தையும் நீயே நிரப்பி வைத்திருக்கிறாய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போடட்டுமா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்ப்பதைத்தான் ஒரு கிழமையாகத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நாட்டில் சண்டை முடிந்து, நம் ஊர்ப் படகுகள் சோளகக் காற்றுக் காலத்தில் பழையபடி முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போகத் தொடங்கிய நாட்களில்தான் இந்தப் பெட்டி வந்தது. கட்டாரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கினாய். கூடவே தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. பாமசியில் டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கிறவன் எதையும் வாசிப்பான் என்று உனக்கு ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுக்கவில்லை. விளங்காத இடங்களில் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். நான் ஒன்று சொல்ல, நீ வேறொன்றைத் திருகிப் பார்த்து, புத்தகத்தில் இல்லாத ஒரு சத்தம் வர, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

முதல் தவறை வீட்டுக்குள் இருந்தே செய்தோம். ஆளுக்கொரு பக்கம் ஹெட்போனைக் காதில் வைத்து ஒரு மாதம் சத்தம் செய்தோம். எக்கோவும் கோரஸும் காதுக்குள் தேவலோகமாக இருந்தன. கோவில் மைதானத்து மேடையில் ஏறினால், கடலின் இரைச்சல் பாதியைத் தின்றது, ட்ரம்ஸ் மீதியைத் தின்றது. உன் கிற்றார் தகரத்துக்குள் அடைத்த வண்டு மாதிரிக் கத்தியது. கோவில் ஆள் ஒருவர் ஜெனரேட்டருக்கு ஏதோ நடந்துவிட்டதென்று ஓடினார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தாய்.

அதன்பிறகுதான் நம்முடைய முறை வந்தது. மீன்வாடிக் கொட்டிலிலிருந்து வயர் இழுத்து, ஸ்பீக்கரை மணலில் வைத்து, பெட்டியை ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பாய். நான் அலைக்கரையோடு நடந்து மூன்றாவது படகடியில் போய் நிற்பேன். அங்கே கடலுக்கு மேலால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சத்தம் கூராக இருந்தால் உள்ளங்கையைக் கீழே காட்டுவேன், மந்தமாக இருந்தால் மேலே. கூரைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழை நீ திருகுவாய், திரும்ப வாசிப்பாய். சரியென்றால் வலது கையை முழுதாகத் தூக்குவேன். அப்போதுதான் சேமிப்பாய். முதன்முதல் அப்படிச் சேமித்த சத்தம் ஒன்றாம் இலக்கத்தில் இருக்கிறது.

"மெசின் என்ன காட்டினாலும் பரவால்ல மச்சான். நீ அங்க நிண்டு கை தூக்கினாத்தான் எனக்குக் கணக்கு" என்று சொல்வாய்.

பிறகு நான் கரைக்கு வருவதை நிறுத்தினேன். பாமசியில் பின்னேர வேலை, மகளின் டியூஷன், முழங்கால் நோவு என்று ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் இருந்தது. உனக்குப் பழகிவிட்டது தானே, நீயே செய்துகொள் என்றேன். நீ தனியே செய்தாய். ஒவ்வொரு சோளகம் முடிந்து முல்லைத்தீவிலிருந்து திரும்பி வரும்போதும் உன் சத்தம் இன்னும் கொஞ்சம் கூராகியிருந்தது. நான் பேஸ் கிற்றார் வாசித்தபடியே பக்கத்து சவுண்ட் மிக்சரில் அந்தக் கூர்மையை வெட்டிவிடுவேன், உனக்குச் சொல்லமாட்டேன். அந்த நாட்களில்தான் நீ வாசிக்கும்போது என் முகத்தையே பார்க்கத் தொடங்கினாய். என் திறமைக்கு நீ கொடுக்கிற மரியாதை என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய ஆள் நான், பார்.

முன்னேஸ்வரத்துக் கலியாணத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். அன்றைக்கு உன் சத்தம் ஊசி மாதிரிக் குத்தியது. பொம்பிளை வீட்டார் காதைப் பொத்தினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மிக்சருக்குப் பக்கத்து மைக் திறந்திருந்ததைக் கவனிக்காமல், "செவிடனுக்கா வாசிக்கிறாய்?" என்றேன். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். குனிந்து ட்ரெபிளைத் திருகினாய். குறைப்பதாக நினைத்துக் கடைசி வரைக்கும் கூட்டினாய். சனம் இன்னும் சிரித்தது. ஒரே வான் வண்டியில் திரும்பி வந்தோம். இறங்குகிற இடத்தில் என் தோளைத் தொட்டாய்.

"நாளைக்குப் பின்னேரம் கரைக்கு வாறியா மச்சான்? ஒருக்காக் கேட்டுச் சொல்லன்."

நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது மச்சான். அடுத்த நாள் பின்னேரம் நான் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு வந்த ஆடித் திருவிழாவுக்கு முல்லைத்தீவிலிருந்து வந்தாய். தீமிதிப்புக்கு அடுத்த நாள் பின்னேரம் நம் நிகழ்ச்சி. உன் சத்தம் அப்படியே நாம் கரையில் சேமித்த முதல் வருடத்துச் சத்தமாக, பதமாக, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக வந்தது. இப்போதுதான் ஒரு மனுசன் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் புகழ்ந்தேன். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் நீ என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பிப் போனாய். அடுத்த கிழமை ஒரு விடியற்காலை, படகைத் தள்ளுவதற்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் முடிந்துவிட்டதென்று போனில் சொன்னார்கள்.

முப்பத்தோராம் நாள் முடிந்து உன் மனைவி இந்தப் பையை என்னிடம் கொண்டு வந்தா. அழுகையை மறைப்பதற்காக நான் ஏதோ கதைக்க வேண்டியிருந்தது. கடைசி நிகழ்ச்சியில் அவனுடைய சத்தம் எவ்வளவு அருமை என்றேன். அவ என்னை விசித்திரமாகப் பார்த்தா.

"அண்டைக்கு அவருக்குத் தன்ர வாசிப்பு ஒண்டுமே கேக்கயில்ல அண்ணா. வந்து சொன்னார். எஞ்சினோட இருந்து இருந்து காது போய் ரெண்டு மூண்டு வருசம். நுளம்பு இரையிறதும் கேக்கிறயில்ல, நிம்மதியா நித்திரை கொள்ளுறன் எண்டு சிரிப்பார். உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் நினைச்சன்."

நான் பாமசிக்காரன். காதுக்கு விடும் மருந்தை நாளாந்தம் விற்கிறவன். எனக்குத் தெரியாது.

அதனால்தான் ஒரு வருடமாகப் பையைத் தொடவில்லை. இன்று பெட்டியை மின்சாரத்தில் போட்டு, ஒன்றாம் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் ட்ரெபிள் ஐம்பது. நான் கரைக்கு வந்த காலம் முழுக்க ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. பிறகு அறுபது, எழுபது, எண்பது. இருபத்தொன்பதில் அதற்கு மேல் திருக இடமில்லை. உன் காது போன வழியெல்லாம் அந்தச் சின்னத் திரையில் எண்ணாகக் கிடந்தது.

முப்பதாவதுக்கு நீ வைத்த பெயர், ஆங்கில எழுத்தில், மச்சான். ட்ரெபிள் ஐம்பது. மற்ற எல்லாமும் ஒன்றாம் இலக்கத்தில் உள்ளபடியே இருந்தன. நான் கை தூக்கிய அந்தச் சத்தத்தை, காதால் கேட்க முடியாமல், எண்ணைப் பார்த்துப் பார்த்து அப்படியே எழுதி வைத்திருக்கிறாய். அதை வைத்துத்தான் கடைசியாக வாசித்தாய், உனக்குக் கேட்காமல், எனக்குக் கேட்பதற்காக.

கடையிலிருந்து பஞ்சு எடுத்து வந்திருந்தேன். இரண்டு காதிலும் இறுக்கி அடைத்து, அதன்மேல் மகளின் பெரிய ஹெட்போனையும் வயரில்லாமல் மாட்டிக்கொண்டேன். இது உன் காதாகிவிடாது என்று எனக்குத் தெரியும். என் பழைய கிற்றாரை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு முப்பதை வாசித்தேன். தூரத்தில் யாரோ சாக்கை இழுப்பது மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். விரல்களுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. பிறகு இருபத்தொன்பதை அழுத்தினேன். அன்றைக்குக் கலியாண மண்டபமே கேட்டுச் சிரித்த அந்தச் சத்தம்.

மச்சான், பஞ்சு அடைத்த காதுக்கு அது முதல் வருடத்துச் சத்தம். மூன்றாவது படகடியில் நின்று நான் கை தூக்கிய அதே சத்தம், பதமாக, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக. இத்தனை வருடமும் நீ அந்த ஒரே சத்தத்தைத்தான் விடாமல் தேடிக்கொண்டு போயிருக்கிறாய். பஞ்சை எடுக்காமல் அப்படியே இருந்து அழுதேன். மனைவி வந்து கூப்பிட்டதும் எனக்குக் கேட்கவில்லை.

சிலாபத்துக்காரருக்குப் போன் பண்ணி, இருபத்தெட்டு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி இரண்டையும் தொடவேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன். பின்னேரம் ஸ்பீக்கரோடு கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் நோகத்தான் செய்யும். மூன்றாவது படகடிக்கு நடந்து போவேன். கை தூக்குவதற்கு முன், அவருக்கும் கேட்கிறதா என்று கேட்பேன்.

ஒவ்வொரு பாட்டு முடிவிலும் நீ என்னைப் பார்த்து, "இப்ப சரியா மச்சான்?" என்று கேட்பாய். நான் பாதி நேரம் பதில் சொன்னதில்லை. சரிதான் மச்சான். நீ சரியாகத்தான் வைத்திருந்தாய். அங்கே போய் நின்று கேட்க வேண்டியவன்தான் வரவில்லை.