டோரீன் வீட்டு வில்லங்கம்

காரைக்குடி
9-6-1968

சிரஞ்சீவி சொக்கலிங்கத்துக்கு அப்பா சேவுகன் ஆசி கூறி எழுதுவது.

எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். முப்பத்தொரு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். இல்லாததை இருப்பதாக எழுதிப் பழக்கமில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மற்றபடி சுகம்.

உன் கனத்த கவர் வந்து சேர்ந்தது. பத்தொன்பது தாள். இங்கிலாந்தில் உன் கம்பெனியில் டைப் அடிக்கிற டோரீன் மார்ஷ் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக மாசியில் எழுதினாய். அவள் யார் வீட்டுப் பிள்ளை, முன்னோர் யார், சாட்சியத்தோடு எழுது என்று நான் கேட்டேன். அரை மனை வாங்குகிறவனே முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறான். வீட்டுக்கு வருகிற மருமகளுக்கு நூறு வருடமாவது பார்க்க வேண்டாமா? நீ நூற்றெழுபது வருடத்துக்கு அனுப்பியிருக்கிறாய். சர்க்கார் பதிவு, மாதா கோவில் பதிவு, குடிக்கணக்கு, பழைய பேப்பரில் வந்தது என்று எல்லாவற்றையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். படித்த பிறகு படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

முதலில் பெயர். அப்பன் வில்லியம், பிள்ளை தாமஸ், பேரன் வில்லியம், அவன் பிள்ளை மறுபடி தாமஸ். எந்த வில்லியம் எப்போது செத்தான் என்று பிரித்தெடுப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. இப்படி ஒரு பாகப்பத்திரம் என்னிடம் வந்திருந்தால் பார்ட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்தது சொத்து. இத்தனை வருடத்தில் ஒருத்தன்கூட ஒரு குழி நிலம் வாங்கியதாகத் தெரியவில்லை. கூலிக்கு உழுதவன், செங்கல் காளவாசலில் வேலை பார்த்தவன், ரயில்வே கேட் திறந்துவிட்டவன். வெள்ளைக்காரன் என்றால் கலெக்டர் என்றுதான் உன் அம்மா நினைத்திருந்தாள். நானும்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை எழுதவே எனக்குக் கூசுகிறது. டோரீனின் அப்பா வழி, அம்மா வழி இரண்டு வழியிலும் எல்லாருக்கும் பெயர் வைத்தது லிங்கன்ஷயர் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு மாதா கோவிலில். ஒரே ஆண்ட்ரூஸ் சாமி. ஒரே குலதெய்வம் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியானால் அவளைப் பெற்றவர்கள் அண்ணன் தங்கை முறை. முறைகெட்ட கல்யாணத்தில் பிறந்த பெண்ணையா இந்த வீட்டுக்குக் கொண்டு வருவாய்? அந்த ஊரில் கேட்க ஆளே இல்லையா?

உன் அம்மாவிடம் படித்துச் சொன்னேன். அவள் பாதியைக் காதில் வாங்கவில்லை. 1851ஆம் வருடக் குடிக்கணக்கில் ஒரு தாமஸுக்குத் தச்சு வேலை என்று போட்டிருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். “தச்சன் வீட்டுப் பிள்ளையா? அப்ப நம்ம சனந்தேன். இத மொதல்லயே சொல்லாம என்னென்னத்தயோ வாசிக்கிறீக” என்கிறாள். இவளோடு நான் முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

யோசித்து எழுது.

உன் நன்மையைத் தவிர வேறொன்றும் கோராத
சேவுகன்


காரைக்குடி
18-8-1968

சிரஞ்சீவி சொக்கலிங்கத்துக்கு,

உன் கடிதத்தின் சூடு கவருக்கு வெளியிலேயே தெரிந்தது. அப்பனுக்கு எழுதுகிறோம் என்பது ஞாபகம் இருந்திருக்கலாம். போகட்டும், உனக்கும் இருப்பது என் மூக்குதானே.

அந்தக் கிராமத்தில் இருப்பதே ஒரு கோவில்தான், யார் பிள்ளையானாலும் அங்கேதான் பெயர் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்ததும் உன் அம்மா, “அரியக்குடியில பெருமாள் ஒருத்தர்தேன் இருக்காரு. அதுக்காக அரியக்குடிக்காரக எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பங்காளியாயிருவாகளா?” என்று கேட்டாள். அந்த விஷயத்தில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சிரிக்காதே.

ஆனால் போன கடிதத்தில் எழுதாமல் வைத்திருந்த வேறு இரண்டை விடமாட்டேன். அவள் முன்னோரில் ஒருத்தனுக்கு 1839 மார்ச்சில் கல்யாணம், ஆகஸ்டில் பிள்ளை. எனக்குக் கணக்குத் தெரியும். 1847ஆம் வருடத்துப் பேப்பரில், பண்ணையார் காட்டில் முயல் பிடித்ததற்காக வில்லியம் மார்ஷுக்கு இரண்டு வாரம் ஜெயில் என்று அச்சுப் போட்டிருக்கிறது. இதையெல்லாம் மறைக்கக்கூடத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாயே என்று உன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

இப்போது எழுதுகிறாய், தேடியதும் நகல் எடுத்ததும் நீ இல்லை, டோரீன் என்று. அந்த முயல் விவகாரத்தை விட்டுவிடலாம் என்று நீ சொன்னதற்கு, உங்கள் அப்பா முழுவதையும்தானே கேட்டார் என்றாளாம். சொத்தை விற்க வருகிறவன் வில்லங்கத்தைத் தானே கொண்டுவந்து மேசைமேல் வைத்து நான் பார்த்ததில்லை. நாங்களாகத் தோண்டி எடுத்தால்கூட அது வேறு சர்வே நம்பர் என்று சாதிப்பான். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறாய். நம் குடும்பத்துக்கும் இதேபோல வம்சாவளி எழுதி அனுப்ப முடியுமா, பார்க்க ஆசையாக இருக்கிறது என்று கேட்கிறாளாம். கேட்க இவள் யார் என்று முதலில் கோபம் வந்தது. சரி, நம்மிடம் இல்லாததா என்று ரிக்கார்டு ரூமுக்குப் போனேன். மூன்று நாள் தூசி தின்றேன். என் அப்பா ஆண்டியப்ப ஆசாரி பிறந்ததற்கு எழுத்தே இல்லை. என் பிறப்புக்கு ஒரு வரி இருக்கிறது: ஆண், தகப்பன் ஆண்டியப்பன், ஜாதி தச்சன், பெயர் வைக்கவில்லை. பேரும் புகழுமாக எத்தனையோ வீட்டுக்கு நிலை வைத்த மனுஷர் என் அப்பா. அவரைப் பற்றி ஒரு பேப்பரிலும் ஒரு வரி கிடையாது. முயல் திருடினவனுக்கு இருக்கிறது.

அதே புத்தகத்தில் மூன்று வருடம் தள்ளி இன்னொரு வரியும் இருந்தது. இந்த நீல ஏர்மெயில் காகிதத்தில் அதற்கு இடம் போதாது.

ஆசியுடன்
சேவுகன்


காரைக்குடி
24-11-1968

என் அன்புள்ள சொக்கலிங்கம்,

இரண்டு மாதமாக என்னிடமிருந்து கடிதம் இல்லை என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். எழுதினேன், கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

அந்தப் புத்தகத்தில் நான் பார்த்த வரி இது: பெண், தகப்பன் ஆண்டியப்பன், ஜாதி தச்சன். அது சிகப்பி. என்கூடப் பிறந்தவள். உனக்கு ஒரு அத்தை இருப்பது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும். உனக்கு நான்தான் தெரியாமல் வைத்திருந்தேன்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன், வேறு ஜாதியைச் சேர்ந்த பஸ் டிரைவர் ஒருவரோடு அவள் மானாமதுரைக்குப் போய்விட்டாள். அப்பா எங்கள் எல்லாரையும் ஊருணிக்குக் கூட்டிப்போய்த் தலை முழுக வைத்தார். காலராவில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். நானும் முழுகினேன். அப்பா செத்தபோது தெருமுனை வரைக்கும் வந்து நின்றாள். யாரோ சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் உங்களுக்காக வம்சாவளி எழுத உட்கார்ந்தேன். முத்திரைத் தாள் போன்ற நல்ல காகிதம், கறுப்பு மை. ஆண்டியப்பனுக்குக் கீழே சேவுகன் என்று ஒரே ஒரு கோடு இறக்கினேன். கூடப் பிறந்தவள் பெயரை விட்டுவிட்டு வம்சாவளி சொல்கிற பார்ட்டிகள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு, பொய் எழுதுகிற கை இது இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அதே கைதான்.

உன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கோடு எண்ணத் தெரியும். கோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ள பாட்டன் முயல் திருடுனதக்கூட எழுதிக் குடுத்துருக்கு. நீங்க கூடப் பொறந்தவள எழுதலையே” என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நூறு வருடத்துக்குச் சாட்சியம் கொண்டு வா என்று நான் உன்னிடம் கேட்டது பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக அல்ல. கிடைக்காது என்று நினைத்துத்தான் கேட்டேன். கிடைக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நீ மீறினால் உன்னையும் தலை முழுகிவிடலாம். எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். உன் அம்மா அழுது செத்திருப்பாள், நான் பத்திரம் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

போன புதன்கிழமை பாசஞ்சரில் மானாமதுரைக்குப் போனேன். அவள் புருஷன் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரு மகன், மில்லில் வேலை. நான் வாசலில் நின்றதும் சிகப்பி முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். “வாங்கண்ணே. வெயில்ல நடந்தா வாரீக” என்றாள். முப்பத்திரண்டு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மோர் கொடுத்தாள்.

வம்சாவளியைப் பிரித்துக் காட்டினேன். இரண்டாவது கோடு இறக்கிப் புதிதாக எழுதியிருந்தேன். “இதுல எது என் பேரு?” என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தாள். கீழே இருப்பது அவளுக்கு மருமகன் முறையான உன் பெயர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் விரலை எடுக்கவில்லை. மை கொஞ்சம் கலைந்திருக்கும். அதைத் திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பதிவில் இல்லாத விவரத்தையும் டோரீனிடம் நீயே படித்துச் சொல். காலரா என்று நாங்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல். எங்கள் வீட்டு முயல் இது என்று சொல். அவள் முழுவதையும் கொடுத்தாள், நானும் முழுவதையும் கொடுக்கிறேன்.

உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன். அங்கே டோரீன் தன் கையாலேயே பெயரை எழுதட்டும். தையில் நம் சாமி முன்னால் தாலி கட்டிக்கொள்ளலாம். தாலியை எடுத்துக் கொடுக்க அத்தை வருவாள், கேட்டுவிட்டேன்.

இத்துடன் இருப்பது அசல். என் ஆயுளில் நகல் எடுக்காமல் நான் ஒரு தாளையும் வெளியே விட்டதில்லை. இதற்கு எடுக்கவில்லை. தபாலில் திருப்பி அனுப்பாதே, தொலைந்துவிடும். நீங்கள் இரண்டு பேருமாகக் கையில் கொண்டு வாருங்கள்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்
அப்பா